பல்லினக் கூட்டாட்சி நாடுகள் உடைவது அதிகாரத்தைப் பகிர்ந்ததாலா, பறித்ததாலா?

#1 வடமீன்

"அதிகாரத்தைக் கொடுத்தால் நாடு உடைந்துவிடும்" என்ற பேச்சு எந்த நாட்டு நாடாளுமன்றத்திலும் கேட்கக்கூடியதுதான். அப்படிச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி: கொடுத்ததால் உடைந்த நாடு எது? உடைந்த நாடுகளின் வரலாற்றைப் புரட்டினால், கொடுத்ததைத் திரும்பப் பறித்த தேதி ஒன்று ஏறக்குறைய எல்லாவற்றிலும் கிடைக்கிறது.

எரித்திரியாவைப் பாருங்கள். ஐ.நா. தீர்மானத்தின்படி 1952இல் எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைந்தது. தனிச் சட்டமன்றம் இருந்தது, தனிக் கொடி இருந்தது, திக்ரிஞாவும் அரபும் ஆட்சிமொழிகளாக இருந்தன. பேரரசர் ஹெய்லி செலாசி ஒவ்வொன்றாகக் கழற்றினார். கொடி இறங்கியது, அம்ஹாரிக் மொழி ஏறியது, 1962 நவம்பரில் கூட்டாட்சியே கலைக்கப்பட்டது. முப்பது ஆண்டுப் போருக்குப் பிறகு, 1993இல் எரித்திரியா தனிநாடானது.

சூடானில் 1972இல் அடிஸ் அபாபா உடன்பாடு தெற்குக்குத் தன்னாட்சி தந்தது. பதினோரு ஆண்டுகள் பெரிய போர் இல்லை. 1983இல் அதே அதிபர் நிமெய்ரி, தன் ஆட்சி செய்துகொண்ட உடன்பாட்டைத் தானே முறித்தார். தெற்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார், ஷரியா சட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தார். அந்த ஆண்டே போர் மூண்டது. 2011 ஜனவரி வாக்கெடுப்பில் தெற்கின் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிரிவினைக்கு வாக்களித்தார்கள்.

பாகிஸ்தானில் பறிக்கப்பட்டது தேர்தல் முடிவு. கிழக்குப் பாகிஸ்தானின் அவாமி லீக் கட்சித் தலைவர் முஜிபுர் ரகுமான் முன்வைத்த ஆறு அம்சங்களில் முதல் அம்சமே கூட்டாட்சிதான், தனிநாடு கிடையாது. 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்குமான பெரும்பான்மையும் அதனிடமே இருந்தது. அவையைக் கூட்ட மறுத்தவர்கள் 1971 மார்ச் 25 இரவு படையை ஏவினார்கள்.

மாற்று எடுத்துக்காட்டு வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். உண்மையாகவே படிக்க விரும்புகிறேன்.

#2 நெடுஞ்சாலை

யுகோஸ்லாவியா.

1974 அரசமைப்பு ஆறு குடியரசுகளுக்கும் இரண்டு தன்னாட்சி மாகாணங்களுக்கும் கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்தது. சட்டமன்றம், நீதிமன்றம், நடுவண் வங்கி, காவல்துறை எல்லாம் தனித்தனி. குடியரசுகளின் பொறுப்பில் பிராந்தியத் தற்காப்புப் படைகூட இருந்தது. நாட்டை ஆண்ட டிட்டோ 1980இல் இறந்தபின் நாட்டின் தலைமை எட்டுப் பேர் கொண்ட கூட்டுத் தலைமைக்குப் போனது. தலைவர் பதவி ஆண்டுக்கொருவராகச் சுழன்றது. உலகில் இதைவிட நுணுக்கமாகப் பங்கிட்ட நாடு இல்லை. பதினோரு ஆண்டுகளில் சிதறியது.

ஓர் இனத்துக்கு ஓர் எல்லை, ஒரு சட்டமன்றம், ஓர் ஆயுதப்படை என்று கொடுத்துவிட்டால், பிரிய நினைக்கும் தலைவருக்குப் பாதி வேலையை அரசமைப்பே செய்து முடித்துவிடுகிறது. எத்தியோப்பியா 1995இல் இன்னும் ஒரு படி மேலே போனது. 39ஆம் பிரிவில் பிரிந்து செல்லும் உரிமையையே எழுதி வைத்தது. 2020 நவம்பரில் அதன் வட மாநிலமான திக்ராயில் போர். இரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் போர் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

எரித்திரியாவையும் தெற்கு சூடானையும் நான் மறுக்கவில்லை. பறிப்பதும் உடைக்கும், கொடுப்பதும் உடைக்கும். எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

#3 வடமீன்

//பதினோரு ஆண்டுகளில் சிதறியது//

அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒன்பதாவது ஆண்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 1989 மார்ச்சில் மிலோசெவிச்சின் செர்பியா, கொசோவோவின் தன்னாட்சியையும் வொய்வொதினாவின் தன்னாட்சியையும் பறித்தது. ஆனால் அந்த இரண்டு மாகாணங்களுக்கும் கூட்டுத் தலைமையில் இருந்த இடங்களை மட்டும் கலைக்காமல் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. மான்டினீக்ரோவின் வாக்கையும் சேர்த்தால் எட்டில் நான்கு செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் வாக்குகள். 1991 மேயில் குரோஷியாவின் மெசிச் தலைவராக வேண்டிய முறை வந்தபோது, அந்த வாக்குகள்தான் அவரைத் தடுத்து நிறுத்தின. அடுத்த மாதம் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் சுதந்திரத்தை அறிவித்தன.

அந்தக் கடைசி மாதங்களில் 1974இன் ஏற்பாடு என்பது பெயரளவில்தான் இருந்தது. தனக்கு வாக்கு வேண்டிய இடத்தில் மாகாணம் உண்டு, அதிகாரம் கேட்ட இடத்தில் மாகாணம் இல்லை என்றால் மற்ற குடியரசுகள் எதை நம்பி உள்ளே இருக்கும்?

எத்தியோப்பியாவிலும் 39ஆம் பிரிவைப் பயன்படுத்தி யாரும் போருக்குப் போகவில்லை. காகிதத்தில் ஒன்பது மாநிலங்கள், நடைமுறையில் ஒரே ஆளும் கூட்டணி. கால் நூற்றாண்டுக்கு மேல் மாநிலங்கள் தனியாக முடிவெடுத்துப் பழகவே இல்லை. 2019இல் கூட்டணி கலைந்து புதுக்கட்சி உருவானபோது திக்ராய் கட்சி சேர மறுத்தது. கொரோனாவைக் காட்டி ஒன்றிய அரசு தேர்தலைத் தள்ளிவைத்தது. திக்ராய் 2020 செப்டம்பரில் தானே தேர்தல் நடத்தியது. இரு தரப்பும் மற்றதைச் சட்டவிரோத அரசு என்றன. அந்தச் சச்சரவைத் தீர்த்துவைக்க இருவரும் நம்பும் ஓர் அமைப்பு நாட்டில் இல்லை.

#4 நெடுஞ்சாலை

மெசிச் தடுக்கப்பட்டதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டையும் பாருங்கள். 1990இல் யுகோஸ்லாவியாவில் நடந்த முதல் பல கட்சித் தேர்தல்கள் குடியரசு அளவில் மட்டுமே நடந்தன. நாடு முழுவதற்குமான தேர்தல் கடைசிவரை நடக்கவே இல்லை. ஆறு குடியரசுகளுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்கள் வந்துவிட்டார்கள்; நாட்டின் பெயரால் பேச வாக்கு வாங்கியவர் ஒருவர்கூட இல்லை.

ஸ்பெயினில் வரிசை மாறியது. பிராங்கோ இறந்தபின் 1977இல் முதலில் நாடாளுமன்றத் தேர்தல், 1978இல் அரசமைப்பு, அதன் பிறகு 1980இல்தான் பாஸ்க், கத்தலோனியா சட்டமன்றத் தேர்தல்கள். பாஸ்க் ஆயுதக்குழு கொலைகளை நிறுத்தவில்லை, கத்தலோனியாவில் 2017இல் பெரும் நெருக்கடியும் வந்தது. ஆனாலும் அரசு நின்றது. எல்லா இனங்களிடமும் வாக்குக் கேட்டாக வேண்டிய கட்சிகள் முதலில் வளரட்டும், அதிகாரப் பகிர்வு பின்னால் வரட்டும். என் நிலை இதுதான்.

#5 ஷரத்து

சட்டம் படித்தவள் என்ற முறையில் இந்த இழையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வடமீன் ஐயா சொல்வதுபோல் பறிப்பதுதான் நோய் என்றால், பறிப்பதைத் தடுக்கும் பூட்டு எங்கே இருக்கிறது?

எழுத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இலங்கையைவிடக் கசப்பான சான்று இல்லை. சுதந்திரத்தின்போது வந்த சோல்பரி அரசமைப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்த இனத்துக்கும் பாதகமான சட்டம் செல்லாது என்றது. அந்தப் பிரிவு உயிரோடு இருக்கும்போதே 1948, 1949 சட்டங்கள் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. சட்ட வாசகம் எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லை என்பதால் பிரிவு 29 அதைத் தொடவே இல்லை. 1957இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு அந்த அளவுச் சட்ட வலிமைகூட இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் கூட்டாட்சிதான் இலங்கைக்கு ஏற்றது என்று 1926இலேயே எழுதியவர் பண்டாரநாயக்க. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. ஆனால் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஆளுநரிடம். அந்தத் திருத்தத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒரு கையால் கொடுத்து, மறு கையால் பிடித்துக்கொண்டே இருக்கும் வரைவு அது.

இந்தியாவில் நிலைமை வேறு, ஆனால் பூட்டு அங்கும் பலவீனம். அரசமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாநிலத்தைப் பிரிக்கலாம், பெயரை மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்த பிரிவினை மசோதாவை அடுத்த மாதமே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2019இல் ஜம்மு காஷ்மீரில் கருத்துக் கேட்கச் சட்டமன்றமே இல்லை. ஒரு மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களானது.

பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் விருப்பம் கனடா உச்ச நீதிமன்றத்தின் 1998 தீர்ப்பு. 1995 வாக்கெடுப்பில் பிரெஞ்சு மொழி மாநிலமான கியூபெக் பிரியாமல் இருந்தது 50.58க்கு 49.42 என்ற நூலிழையில். அதன் பிறகு நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் கட்டிப்போட்டது. கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச மறுக்கவும் முடியாது.

#6 தென்கிழக்கு

ஷரத்து அம்மா, இந்தியாவில் சட்டத்துக்கு வெளியே இருக்கும் பூட்டையும் பாருங்கள். ஆட்சிமொழிச் சிக்கலில் 1959இல் நேரு தந்தது வாய்மொழி உறுதி. 1965இல் சென்னை மாநிலம் எரிந்தது. 1967 திருத்தத்தில் அந்த உறுதி சட்டமானது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் தொடரும் என்று ஆட்சிமொழிச் சட்டத்தின் 3(5)ஆம் உட்பிரிவு சொல்கிறது. அதாவது ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் போதும். இதையும் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றிவிடலாம். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக எந்த அரசும் கை வைக்கவில்லை. வைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மிசோரமையும் மறக்க வேண்டாம். 1966இல் இந்தியாவிலிருந்து விடுதலையை அறிவித்த இயக்கத்தின் தலைவர் லால்டெங்கா. 1986 உடன்பாட்டுக்குப் பிறகு அவரே முதலமைச்சரானார். 1987இல் மாநிலத் தகுதி. நிலம், மரபுச் சட்டம் போன்றவற்றில் நாடாளுமன்றச் சட்டம் மிசோரம் சட்டமன்றம் ஏற்றால்தான் அங்கே செல்லும் என்று 371ஜி பிரிவு. கொடுத்து உடைந்ததா, கொடுத்து நின்றதா?

#7 மூன்றாம் வரிசை

மன்னிக்க வேண்டும், நீங்கள் எல்லோரும் "இனங்கள்" என்று எழுதும்போது பெரிய இனங்களை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். அதிகாரம் மாநிலத்துக்கு வந்தபின் அங்கே இருக்கும் மற்றவர்களின் கதி என்ன?

போஸ்னியாவில் 1995 டேட்டன் உடன்பாடு போரை நிறுத்தியது; அது பெரிய காரியம். ஆனால் நாட்டுத் தலைமையில் மூன்று இடங்கள், ஒன்று போஸ்னியாக்குக்கு, ஒன்று குரோவாட்டுக்கு, ஒன்று செர்புக்கு. தெர்வோ செய்திச் ரோமா இனத்தவர், யாகோப் ஃபின்ட்சி யூதர். தங்கள் சொந்த நாட்டில் தலைமைப் பதவிக்குப் போட்டியிடவே இவர்களுக்கு உரிமை இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பரில் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் கடந்த பின்னும் அரசமைப்பைத் திருத்தவில்லை. மூன்று பெரிய தரப்புகளுக்கும் இந்த ஏற்பாடு வசதியாக இருக்கும்போது யார் திருத்துவார்கள்?

நைஜீரியாவில் மாநிலத்துக்கு ஒரு ஒன்றிய அமைச்சராவது இருக்க வேண்டும், அரசு வேலைகளில் எல்லாப் பகுதிகளுக்கும் இடம் வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் இடம் யாருக்கு? அந்த மாநிலத்தின் பூர்வீகக் குடிகளுக்கு. பிளேட்டோ மாநிலத்தின் ஜோஸ் நகரில் தாத்தா காலத்திலிருந்து வாழும் ஹவுசா இனக் குடும்பத்துக்குப் பூர்வீகச் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. சான்றிதழ் இல்லையென்றால் அரசு வேலையும் இல்லை, கல்லூரி இடத்திலும் பின்தள்ளப்படுவார்கள். 2001இலும் 2008இலும் 2010இலும் அங்கே ஓடிய ரத்தத்துக்கு மதம் மட்டும் காரணம் என்று எழுதுபவர்கள் இந்தச் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

1995இல் கியூபெக் வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு, வட கியூபெக்கின் கிரீ பழங்குடி மக்கள் தனியாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 96 விழுக்காட்டினர் கனடாவை விட்டுப் பிரிய மறுத்தார்கள். அந்தக் குரல் யாருடைய கூட்டாட்சித் திட்டத்தில் இருக்கிறது?

#8 நெடுஞ்சாலை

மூன்றாம் வரிசை சொன்னதை வைத்தே நைஜீரியாவுக்குள் போகலாம். அதிகாரத்தை எந்த அளவுத் துண்டுக்குக் கொடுக்கிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

1960இல் சுதந்திரம் பெற்றபோது மூன்றே வட்டாரங்கள். வடக்கில் ஹவுசா-ஃபுலானி, மேற்கில் யொரூபா, கிழக்கில் இக்போ. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய இனம், அதற்கு ஒரு கட்சி. வடக்கு மட்டும் நாட்டில் பாதிக்கு மேல். எந்தத் தேர்தலும் இன எண்ணிக்கைக் கணக்கெடுப்பாகவே முடிந்தது. 1966 ஜனவரியில் முதல் ராணுவப் புரட்சி. மேயில் ராணுவ ஆட்சியாளர் அயர்ன்சி 34ஆம் ஆணையால் கூட்டாட்சியைக் கலைத்து ஒற்றையாட்சி ஆக்கினார். (வடமீன், இது உங்கள் பட்டியலுக்கு.) வடக்கில் இக்போ மக்கள் கொல்லப்பட்டார்கள், ஜூலையில் மறு புரட்சி. 1967 மே 27இல் அடுத்த ராணுவ ஆட்சியாளர் கோவன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். மூன்று நாள் கழித்துக் கிழக்கின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு அதைப் பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்தார். பசியிலும் போரிலும் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு 1970 ஜனவரியில் போர் ஓய்ந்தது.

இன்று 36 மாநிலங்கள். பெரிய இனங்கள் ஒவ்வொன்றும் பல மாநிலங்களில் சிதறியிருக்கின்றன. யொரூபாக்களுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் போட்டி, இக்போக்களுக்குள்ளும் அப்படியே. 1979 முதல் அதிபராக வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் கால்வாசி வாக்காவது வாங்கியாக வேண்டும். தன் இனத்தை மட்டும் நம்பி யாரும் அதிபராக முடியாது. ஊழலும் வன்முறையும் நிறைந்த நாடுதான், ஆனால் இரண்டாவது பியாஃப்ரா போர் வரவில்லை.

#9 கணக்கன்

நைஜீரியாவின் மறுபக்கம் பணம். 1960இன் அரசமைப்பில் ஒரு வட்டாரத்தில் கிடைக்கும் கனிமத்தின் உரிமத் தொகையில் பாதி அந்த வட்டாரத்துக்கே. எண்ணெய் பெருகியபின் ராணுவ ஆட்சிகள் அதைத் தேய்த்துக்கொண்டே போயின. 1999 அரசமைப்பில் குறைந்தது 13 விழுக்காடு என்று நின்றது. நைஜர் டெல்டாவில் எண்ணெய் கலந்த நீரைக் குடித்துக்கொண்டு ஓகோனி மக்கள் பங்கு கேட்டார்கள். அவர்களுக்காகப் பேசிய கென் சரோ-விவாவை 1995 நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

36 மாநிலங்களில் பெரும்பாலானவை சொந்த வரியில் சம்பளம்கூடக் கொடுக்க முடியாதவை. மாதாமாதம் தலைநகர் அபுஜாவிலிருந்து வரும் பங்கை எதிர்பார்த்துத்தான் வாழ்கின்றன. சின்னச் சின்னதாக நறுக்கிய மாநிலம் பிரியவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. நெடுஞ்சாலை இதை ஒற்றுமை என்கிறார். வரவு செலவுப் புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

#10 தென்கிழக்கு

அலகுகளின் எண்ணிக்கை பற்றி ஒரு சிறு சேர்ப்பு. இரண்டே அலகுகள் உள்ள கூட்டாட்சி நின்றது மிக அரிது. 1971க்கு முந்தைய பாகிஸ்தான், செக்கோஸ்லோவாக்கியா (1993), செர்பியா-மான்டினீக்ரோ (2006), எத்தியோப்பியா-எரித்திரியா. ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதாகவே தெரியும். சமரசம் பேச மூன்றாம் ஆள் இல்லை. பெல்ஜியம் நிற்பதற்கு ஒரு காரணம் பிரஸ்ஸல்ஸ் என்று தோன்றுகிறது. நாட்டளவில் சிறுபான்மையான பிரெஞ்சு மொழியினருக்கு அமைச்சரவையில் சரிபாதி உறுதி. பிரஸ்ஸல்ஸில் சிறுபான்மையான டச்சு மொழியினருக்கு அங்கே அதுபோன்ற உறுதி. ஒன்றைத் தொட்டால் மற்றது போகும். 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் அரசு அமையாமல் இருந்தும் யாரும் ஆயுதத்தைத் தேடவில்லை.

#11 வடமீன்

நெடுஞ்சாலை, முதலில் நாடு தழுவிய கட்சிகள், பிறகு அதிகாரம் என்ற உங்கள் வரிசைக்கு அச்சே மாகாணமே ஒத்துவராது. இந்தோனேசியாவில் கட்சியாகப் பதிய வேண்டுமானால் நாடெங்கும் கிளைகள் இருக்க வேண்டும். நீங்கள் கேட்கும் விதி அப்படியே இருந்தது. ஆனால் அச்சேயில் ஏறக்குறைய முப்பது ஆண்டுப் போரை நிறுத்திய 2005 ஹெல்சின்கி உடன்பாட்டில், அந்த விதிக்கு விலக்கு அளித்து உள்ளூர்க் கட்சிகளை அனுமதிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே முன்னாள் போராளி இர்வாண்டி யூசுப் சுயேச்சையாக நின்று ஆளுநரானார். போராளிக்கு வாக்குச்சீட்டில் இடம் கொடுக்காமல் ஆயுதத்தை மட்டும் கேட்டிருந்தால் அது நடந்திருக்குமா?

ஷரத்து கேட்ட பூட்டுக்கு என் விடை: ஓர் அலகின் எல்லையையும் வரி வருவாயையும் அந்த அலகின் ஒப்புதல் இல்லாமல் யாரும் தொட முடியாது என்ற பிரிவு. மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம்.

#12 மூன்றாம் வரிசை

அந்தப் பிரிவு 1967இல் நைஜீரியாவில் இருந்திருந்தால்? கிழக்கு வட்டாரத்தின் ஒப்புதல் ஒருநாளும் கிடைத்திருக்காது. அங்கிருந்த சிறு இனங்களான இஜாவும் ஓகோனியும் இபிபியோவும் இக்போ பெரும்பான்மையின் கீழேயே இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தனி மாநிலம் கிடைத்தது கோவனின் ஆணையால். கிழக்கின் உரிமை என்று நீங்கள் பூட்டும் கதவுக்குள்ளே அவர்களும் இருக்கிறார்கள்.

#13 நெடுஞ்சாலை

இதற்கு வடமீனின் பதிலை அறிய எனக்கும் ஆவல். கோவன் செய்ததும் ஒரு பறிப்புத்தான். சிறுபான்மைகளுக்கு அது விடுதலை.

#14 வடமீன்

கோவன் அந்த மக்களைக் கேட்டுச் செய்யவில்லை. எண்ணெய்க் கிணறுகளை ஒஜுக்வுவிடமிருந்து பிரிப்பதும் அவர் கணக்கில் இருந்தது. அதன் விலையைக் கணக்கன் மேலே எழுதிவிட்டார்: மாநிலம் கிடைத்தது, எண்ணெய்ப் பங்கு போனது. ஆனாலும் மூன்றாம் வரிசை சுட்டும் ஓட்டை உண்மையானது. ஒப்புதலை அலகின் தலைநகரிடம் மட்டும் கேட்டால் உள்ளே இருக்கும் சிறுபான்மை அடைபட்டுப்போகும். எல்லைப் பகுதி மக்களிடமே, மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராகக் கேட்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் ஜூரா பகுதிக்கு இதைத்தான் செய்தார்கள். ஜெர்மன் மொழி பெரும்பான்மையான பெர்ன் மாநிலத்தில் இருந்த பிரெஞ்சு மொழிப் பகுதி அது. போராட்டமும் தீவைப்பும் நடந்த ஆண்டுகளும் உண்டு. 1974இல் பகுதி முழுவதற்கும் வாக்கெடுப்பு. தனி மாநிலம் வேண்டும் என்றவர்கள் வென்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. 1975இல் பிரிய விரும்பாத தெற்கு மாவட்டங்கள் தனியாக வாக்களித்து பெர்னோடு தங்கின. பிரெஞ்சு பேசினாலும் அவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள், வடக்கு கத்தோலிக்கம். பிறகு எல்லையோர ஊர்கள் ஒவ்வொன்றும் வாக்களித்தன. 1978இல் நாடு முழுவதும் வாக்களித்து ஏற்றது. 1979இல் ஜூரா மாநிலம் பிறந்தது.

#15 நெடுஞ்சாலை

சுவிட்சர்லாந்தில் பணமும் அமைதியும் இருந்தன. துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கும் நாட்டில் ஊர் ஊராக வாக்கெடுப்பு என்றால், வாக்கெடுப்புக்கு முன்பே ஊரைக் காலி செய்யும் படைகள் வரும். போஸ்னியாவில் இனச் சுத்திகரிப்பு அப்படித்தான் எல்லை வரைந்தது.

#16 வடமீன்

அதனால்தான் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும் என்கிறேன். ஒருமுறை கேட்டுவிட்டுக் கதவை மூடவும் கூடாது. மூட்டியே என்ற சிறு நகரம் 1975இல் பெர்னோடு தங்கியது. 2017இல் மீண்டும் வாக்களித்து ஜூராவுக்குப் போவதாகச் சொன்னது. முறைகேடு இருந்ததாகச் சொல்லி அந்த முடிவு ரத்து செய்யப்பட்டது. 2021இல் திரும்பவும் வாக்களித்தார்கள், இன்னும் அதிக வித்தியாசத்தில் அதே முடிவு. இரண்டு மாநிலங்களின் வாக்காளர்களும் 2024இல் அதை ஏற்றார்கள். 2026 ஜனவரி 1 முதல் மூட்டியே ஜூராவில் இருக்கிறது.